முதலிடம் வந்தாலும் பிரமோஷன் இல்லை!

(ஜெர்மனியின் வடகிழக்கு லீக் பற்றி, இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)

நண்பர்களே, ஒரு சின்ன கேள்வி. வருஷம் முழுக்க 34 மேட்ச் ஆடி, 18 அணிகளில் முதலாவதாக வந்த டீமுக்கு என்ன கிடைக்கணும்? கோப்பை கிடைக்கணும், அடுத்த வருஷம் மேல் லீக்கில் இடம் கிடைக்கணும். இதில் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 சீசனின் கடைசியில் லோகோமோட்டிவ் லைப்சிக் என்ற அணி தன் லீக்கில் முதலிடம் பிடித்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வடக்கு லீக்கில் முதலாவதாக வந்த ஹாவெல்ஸே என்ற சின்ன ஊர் அணியோடு இன்னும் இரண்டு மேட்ச் ஆட வேண்டும் என்றார்கள். முதல் மேட்ச் 1-1. இரண்டாவது லைப்சிக்கிலேயே நடந்தது. கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போய், 0-3 என்று தோற்றார்கள். அவ்வளவுதான்! பத்து மாசம் உழைத்தது போச்சு. அடுத்த வருஷமும் அதே லீக், அதே ஊர்கள், மறுபடி முதல் மேட்ச்சிலிருந்து.

இப்படி ஒரு சட்டம் எங்கேயாவது இருக்குமா? இருக்கிறது. அதன் பெயர் ரெகியோனாலிகா நோர்டோஸ்ட். தமிழில் சொன்னால் வடகிழக்கு வட்டார லீக். இந்த லீக்கின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்கலாம், இதில் தொழிற்சாலை இருக்கு, அரசியல் இருக்கு, கணக்கும் இருக்கு.

முதலில் ஏணியைப் பார்த்துவிடுவோம். ஜெர்மன் கால்பந்தில் உச்சியில் இருப்பது புண்டஸ்லிகா. அதற்குக் கீழே இரண்டாம் புண்டஸ்லிகா. அதற்கும் கீழே மூன்றாம் லிகா. இந்த மூன்றும் நாடு முழுவதற்கும் ஒவ்வொன்றுதான். நான்காவது படியில் ஏணி ஐந்தாகப் பிரிகிறது. வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, பவேரியா என்று ஐந்து ரெகியோனாலிகா. வடகிழக்குக்குக் கீழே ஐந்தாம் படியில் ஓபர்லிகா என்று இரண்டு பிரிவு, வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று. ஆறாம் படியில் பெர்லின், பிராண்டன்புர்க், மெக்லன்புர்க்-முன்பொமெரேனியா, சாக்ஸனி, சாக்ஸனி-அன்ஹால்ட், தூரிங்கியா என ஆறு மாநிலங்களுக்கும் ஒவ்வொரு லீக். அதற்குக் கீழே மாவட்டம், வட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

மாநிலங்களின் பெயரைப் பார்த்ததும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். பெர்லினின் மேற்குப் பாதியை மட்டும் விட்டுவிட்டால், இது அப்படியே பழைய கிழக்கு ஜெர்மனி! 1990 அக்டோபர் 3 அன்று இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி கிழக்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அதன் இடத்தில் வடகிழக்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கம் என்ற புது அமைப்பு உருவாகி, ஜெர்மன் தேசியச் சங்கத்தோடு சேர்ந்துகொண்டது. நம்ம லீக்கை நடத்துவது இந்தச் சங்கம்தான். ஆகவே இந்த லீக்கைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய நாட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வரணும்.

அங்கே கிளப்புகளுக்குத் தனி முதலாளி கிடையாது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு விளையாட்டுச் சங்கம் இருந்தது. எந்தத் தொழிலோ அதற்கேற்ற பெயர். இதைப் படித்தபோது எனக்கு நம்ம டிப்பார்ட்மெண்ட் லிஸ்ட்டைப் பார்க்கிற மாதிரியே இருந்தது! இயந்திரத் தொழிற்சாலை என்றால் ‘மோட்டார்’. மின்சாரமும் நிலக்கரியும் என்றால் ‘எனர்ஜி’. கட்டடத் தொழில் என்றால் ‘ஔஃப்பாவ்’, கட்டுமானம் என்று அர்த்தம். ரசாயன ஆலை என்றால் ‘கெமி’. உருக்காலை என்றால் ‘ஸ்டால்’. ரயில்வே என்றால் ‘லோகோமோட்டிவ்’. விவசாயம் என்றால் ‘டிராக்டர்’. போலீஸ் என்றால் ‘டைனமோ’, ராணுவம் என்றால் ‘ஃபோர்வேர்ட்ஸ்’, அதாவது முன்னேறு. யுரேனியம் வெட்டியெடுத்த வட்டாரத்து அணியின் பெயர் ‘விஸ்முட்’. விஸ்முட் என்றால் பிஸ்மத், அந்தச் சுரங்கக் கம்பெனியின் பெயரே அதுதான். யுரேனியம் என்று வெளிப்படையாகவா சொல்வார்கள்!

ஸ்விக்காவ் என்ற ஊர் கார் தயாரிக்கும் ஊர். அந்தக் காலத்து ஹோர்ஷ் கார், பிற்பாடு டிராபாண்ட் கார், எல்லாம் அங்கேதான். 1950ல் கிழக்கு ஜெர்மன் ஓபர்லிகாவின் முதல் சீசனை ஜெயித்தது ஹோர்ஷ் ஸ்விக்காவ். அந்தப் பட்டம் நேர்மையாக வந்ததா என்று இன்றைக்கும் பேச்சு உண்டு. கடைசி மேட்ச்சில் டிரெஸ்டன் நகர அணியை அதன் சொந்த ஊரிலேயே 5-1 என்று தோற்கடித்தார்கள். மேலிடத்து வேலை என்று ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். தோற்ற அணியில் ஆடிய ஹெல்முட் ஷோன் அதன் பிறகு மேற்கே போய்விட்டார். அதே ஷோன்தான் 1974ல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர்!

லைப்சிக் நகரத்துக் கதை இன்னும் ருசி. 1963ல் அதிகாரிகள் ஊரிலுள்ள ஆட்டக்காரர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தாத குறையாகப் பிரித்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரு அணிக்கு. மிச்சம் மீதி எல்லாம் கெமி லைப்சிக்குக்கு. ஊரில் அந்த அணிக்குப் பேரே ‘லைப்சிக்கின் மிச்சம்’. இவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பயிற்சியாளர் ஆல்ஃபிரெட் குன்ஸே ஒன்றும் பேசவில்லை. 1964 சீசன் முடிந்தபோது நாட்டின் சாம்பியன் யார் தெரியுமா? அந்த ‘மிச்சம்’தான்! இன்றைக்கும் கெமியின் மைதானத்துக்கு குன்ஸே பெயர்தான். நல்லவர்களைப் பொறுக்கிய அணியின் வாரிசுதான் நாம் மேலே பார்த்த லோகோமோட்டிவ். இந்த இரண்டும் ரெகியோனாலிகாவில் மோதினால் லைப்சிக்கில் போலீசுக்கு லீவு கிடையாது.

எல்லாமே இப்படி இனிப்பான கதை இல்லை. பெர்லினின் பி.எஃப்.சி. டைனமோ 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து வருஷம் சாம்பியன். ரகசியப் போலீஸ் மந்திரி எரிக் மீல்கே அந்த அணியின் புரவலர். ரெஃபரி விசில் எந்தப் பக்கம் சாயும் என்று ரசிகர்களுக்கு ஒரே சந்தேகம். நல்ல ஆட்டக்காரர்கள் அந்த அணியில் இருந்ததும் உண்மைதான், ஆனால் பத்துப் பட்டமும் கரையோடேயே நிற்கிறது.

வெளிநாட்டிலும் கிழக்கு அணிகள் சும்மா இருக்கவில்லை. 1974 மே 8 அன்று ராட்டர்டாம் நகரில் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள் கோப்பையின் இறுதி ஆட்டம். இத்தாலியின் ஏ.சி.மிலானை 2-0 என்று ஜெயித்தது மாக்டபுர்க். அந்தப் பதினொரு பேரும் மாக்டபுர்க் வட்டாரத்துப் பையன்கள்! அடுத்த மாசம் உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கிழக்கு ஜெர்மனி 1-0 என்று ஜெயித்ததே, அந்த கோலைப் போட்ட யூர்கன் ஸ்பார்வாஸரும் மாக்டபுர்க்காரர்தான். லென்ஸ் கம்பெனி அணியான கார்ல் ஸைஸ் யேனா 1981ல் அதே கோப்பையின் இறுதிக்கு வந்து திபிலிசியிடம் 1-2 என்று தோற்றது. 1987ல் நம்ம லோகோமோட்டிவ் வந்தது. அயாக்ஸ் அணியின் வான் பாஸ்டன் தலையால் முட்டிய ஒரே கோலில் கோப்பை கைநழுவியது. ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஆடிய இந்த மூன்று கிளப்புகளும் 2012க்குப் பிறகு நான்காம் படியில் ஆடியிருக்கின்றன. அதை நினைத்துப் பாருங்கள்!

எப்படி இந்த வீழ்ச்சி? சுவர் விழுந்தது 1989 நவம்பரில். டிசம்பரிலேயே பி.எஃப்.சி.யின் ஆந்திரியாஸ் தோம் மேற்கில் லெவர்குசனுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. 1990ல் டிரெஸ்டனிலிருந்து மத்தியாஸ் ஸாமர் ஸ்டுட்கார்ட் போனார், உல்ஃப் கிர்ஸ்டன் லெவர்குசன் போனார். மார்க் பணத்தோடு மேற்கு வந்து நின்றால் கிழக்கு எதைக் கொடுத்துத் தடுக்கும்? அதே நேரத்தில் அந்தத் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அணிக்குச் சோறு போட்ட ஆலையே இல்லை என்றால் அணி எங்கே போகும்! என்னைக் கேட்டால், ஆட்டக்காரர்கள் போனதை விட இதுதான் பெரிய அடி. ஆட்டக்காரனை மறுபடி உருவாக்கலாம், ஆலையை உருவாக்க முடியுமா?

கிழக்கின் கடைசி ஓபர்லிகா 1991ல் முடிந்தது. 14 அணிகளில் முதல் இரண்டான ஹன்ஸா ரோஸ்டாக், டைனமோ டிரெஸ்டன் ஆகியவற்றுக்கு மட்டும் புண்டஸ்லிகாவில் இடம். இன்னும் ஆறு அணிகளுக்கு இரண்டாம் புண்டஸ்லிகா. ஒரு முழு நாட்டின் முதல் டிவிஷனுக்கு உச்சியில் இரண்டே சீட்! பத்து வருஷ சாம்பியன் பி.எஃப்.சி.க்கு எட்டில் ஒன்று கூடக் கிடைக்கவில்லை, மூன்றாம் படிக்குப் போனார்கள்.

1994ல் மூன்றாம் படியாக ரெகியோனாலிகா பிறந்தது, அப்போது நான்கு. வடகிழக்கு அதில் ஒன்று. முதல் பட்டம் யேனாவுக்கு. இந்த முதல் அவதாரத்தில் இரண்டு விஷயம் சொல்லியே ஆகணும். ஒன்று, கெம்னிட்ஸ் அணியில் 1996-97ல் ஒரு இருபது வயதுப் பையன் ஆடிக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் கைசர்ஸ்லௌட்டன் போய் உடனே புண்டஸ்லிகா சாம்பியன் ஆனான். பெயர் மைக்கேல் பல்லாக்! பிற்காலத்தில் ஜெர்மனியின் கேப்டன்.

இரண்டாவது கோட்புஸ் நகரத்து எனர்ஜி. நிலக்கரி ஊர், மின்நிலைய ஊர். 1997ல் லீக்கில் முதலிடம். அப்போதும் இதே தலைவலிதான், வடக்கு சாம்பியனோடு பிளே-ஆஃப் ஆடியாக வேண்டும். எதிரணி ஹானோவர். கோட்புஸில் நடந்த இரண்டாவது மேட்ச்சின் பிற்பாதியில் திடீரென்று மைதானம் இருட்டு! ஃப்ளட்லைட் அவுட். எனர்ஜி என்று பேர் வைத்துக்கொண்டு கரண்ட் இல்லை! நம்ம எலக்ட்ரிகல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். விளக்கு திரும்ப வந்ததும் கோட்புஸ் 3-1 என்று ஜெயித்து மேலே போய்விட்டது. வேண்டுமென்றே அணைத்தார்கள் என்று ஹானோவர்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதே மாதம் ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் ஆடி ஸ்டுட்கார்ட்டிடம் 0-2 என்று தோற்றது இந்த மூன்றாம் படி அணி. மூன்றே வருஷத்தில், 2000ல், புண்டஸ்லிகாவுக்கும் போனார்கள்.

2000ல் நான்கை இரண்டாகக் குறைத்தார்கள், வடகிழக்கு லீக் காணாமல் போனது. அந்தக் கடைசி வருஷ சாம்பியன் யூனியன் பெர்லின். ஆனால் பிளே-ஆஃபில் பெனால்டியில் ஒஸ்னாபுர்க்கிடம் தோற்றார்கள். இந்த யூனியன்தான், 2008ல் பணம் இல்லாமல் மைதானத்தை ரசிகர்களே கல்லும் சிமெண்டும் சுமந்து புதுப்பித்த கிளப். 2,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். சிவில் நண்பர்களே, கேட்டீர்களா? 2019ல் புண்டஸ்லிகா, 2023ல் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டோடு மேட்ச்.

2008ல் மூன்றாம் லிகா என்று நாடு தழுவிய புது லீக் வந்தது. ரெகியோனாலிகா ஒரு படி இறங்கி நான்காம் படி ஆனது, எண்ணிக்கை மூன்று. பயணச் செலவும் லைசென்ஸ் செலவும் சின்னக் கிளப்புகளின் கழுத்தை நெரித்தன. வட்டாரத்தைச் சின்னதாக்குங்கள் என்று கேட்டார்கள். 2010ல் சங்கம் ஒத்துக்கொண்டது, 2012 முதல் ஐந்து லீக். வடகிழக்கு மறுபடி பிறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை. சாம்பியன்கள் ஐந்து பேர், மேலே போக இடம் மூன்று!

ஐந்து சாம்பியன்களோடு தென்மேற்கின் இரண்டாமிடமும் சேர்ந்து ஆறு அணிகள். மூன்று ஜோடி. ஜெயித்தவன் மேலே, தோற்றவன் திரும்பக் கீழே. 2013ல் வடகிழக்கு சாம்பியன் ஆர்.பி.லைப்சிக். 2009ல் பக்கத்து ஊர் மார்க்ரன்ஸ்டெட் அணியின் இடத்தை வாங்கி ஐந்தாம் படியில் தொடங்கிய, ரெட் புல் பணத்தில் ஓடும் கிளப். பிளே-ஆஃபுக்கு 30,000 பேர் வந்தார்கள், லோட்டே அணியைத் தாண்டி மேலே போனார்கள், 2016ல் புண்டஸ்லிகா. மற்ற கிழக்கு ரசிகர்களுக்கு அந்த அணியைக் கண்டாலே ஆகாது, அது தனிக் கதை.

2014ல் நொய்ஸ்ட்ரெலிட்ஸ். சின்ன ஊர். மைன்ஸ் அணியின் ரிசர்வ் டீமிடம் தோற்று நின்றார்கள். ஊருக்கே வாழ்க்கையில் ஒரு தடவை வருகிற வாய்ப்பு, பெரிய கிளப்பின் இரண்டாம் அணி தட்டிக்கொண்டு போனது. அப்புறம் 2015ல் மாக்டபுர்க், 2016ல் ஸ்விக்காவ், 2017ல் யேனா, 2018ல் கோட்புஸ் என்று வரிசையாக ஜெயித்தார்கள். யேனா ஜெயித்தது வெளியூர் கோல் கணக்கில், மயிரிழையில்.

புகார் அதிகமானதும் 2017 டிசம்பரில் சங்கம் கூடி மாற்றம் கொண்டுவந்தது. மூன்றாம் லிகாவின் 20 அணிகளில் இனி நான்கு கீழே இறங்கும், நான்கு மேலே வரும். நான்கே லீக்காகச் சேர்த்துவிடலாமே என்ற பேச்சு வந்தது. யாரை யாரோடு சேர்ப்பது? பவேரியா தன் எல்லையை விடாது. வடகிழக்கைத் துண்டு போட்டுப் பக்கத்து லீக்குகளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று இங்கே பயம். கடைசியில் எடுத்த முடிவு இது: ஆட்டக்காரர்கள் நிறைய உள்ள மேற்குக்கும் தென்மேற்குக்கும் வருஷா வருஷம் நிச்சய இடம். மூன்றாவது இடம் வடக்கு, வடகிழக்கு, பவேரியா ஆகிய மூன்றுக்கும் முறை வைத்துச் சுழலும். மிச்ச இரண்டு சாம்பியன்களும் நான்காவது இடத்துக்கு மோதிக்கொள்ளணும்.

ஆக, நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினீர்கள் என்பதோடு, எந்த வருஷம் நன்றாக ஆடினீர்கள் என்பதும் முக்கியம்! கோட்புஸையே பாருங்கள். 2023ல் சாம்பியன், அது பிளே-ஆஃப் வருஷம், உன்டர்ஹாஹிங்கிடம் 1-2, 0-2 என்று தோல்வி. 2024ல் மறுபடி சாம்பியன், அது நேரடி வருஷம், நேராக மேலே. பி.எஃப்.சி. டைனமோ 2022ல் ஓல்டன்புர்க்கிடம் 0-2, பிறகு 2-1, மொத்தத்தில் ஒரு கோலில் போச்சு. லோகோமோட்டிவ் 2020ல் வெர்ல் அணியோடு 2-2, 1-1 என்று இரண்டு மேட்ச்சிலும் தோற்கவே இல்லை. ஆனாலும் வெளியூர் கோல் கணக்கில் வெளியே! 2021ல் கொரோனாவால் சீசன் பாதியில் நின்றது. ஆடிய 11 மேட்ச்சிலும் ஜெயித்திருந்த விக்டோரியா பெர்லின் நேராக மேலே போனது, அது நேரடி வருஷம்.

2013 முதல் 2025 வரை 13 வடகிழக்கு சாம்பியன்கள். அதில் ஐந்து பேர் மேலே போகவில்லை. 2018க்குப் பிறகு 2025 வரை ஆடிய நான்கு பிளே-ஆஃபிலும் தோல்விதான்.

இதன் அடி மேலே மட்டும் விழுவதில்லை, கீழேயும் விழுகிறது. பேப்பரும் பேனாவும் எடுங்கள். லீக்கில் 18 அணி. சாம்பியன் மேலே போனால் 17. இரண்டு ஓபர்லிகா சாம்பியன்களும் மேலே வந்தால் 19. மூன்றாம் லிகாவிலிருந்து இந்த வட்டாரத்து அணி ஒன்று இறங்கினால் 20. மறுபடி 18 ஆக்க இரண்டு அணியை இறக்கணும். சாம்பியன் பிளே-ஆஃபில் தோற்றுத் திரும்பி வந்துவிட்டால்? 21. இப்போது மூன்று அணியை இறக்கணும். அதாவது யாரோ ஒரு சாம்பியன் எங்கேயோ பெனால்டியை வெளியே அடித்ததற்காக, பதினாறாவது இடத்தில் பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்த ஒரு கிளப் ஐந்தாம் படிக்குப் போகணும்! மேட்ச் முடிந்து இரண்டு வாரம் கழித்து, தான் ஆடாத ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுத் தன் தலைவிதியைத் தெரிந்துகொள்கிற நிலைமை.

பணப் பக்கம் இன்னும் மோசம். மேலே போகணும் என்றால் முன்கூட்டியே நல்ல ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வாங்கணும். பிளே-ஆஃபில் தோற்றால் அந்தச் சம்பளம் தலைமேல். கெம்னிட்ஸ் 2018ல் திவால் மனு கொடுத்து, ஒன்பது புள்ளி பறிபோய், நான்காம் படிக்கு இறங்கியது. எர்ஃபுர்ட் 2020 ஜனவரியில் சீசன் நடுவிலேயே அணியை வாபஸ் வாங்கி, ஐந்தாம் படியில் முதலிலிருந்து தொடங்கியது. 2022ல் ரெகியோனாலிகாவுக்குத் திரும்பி வந்தார்கள்.

லோகோமோட்டிவ் கதை இதற்கெல்லாம் மேல். 1903ல் ஜெர்மனியின் முதல் சாம்பியன் பட்டம் வாங்கிய வி.எஃப்.பி. லைப்சிக்கின் வாரிசு அது. திவாலாகி 2004ல் அந்தக் கிளப் மூடப்பட்டது. ரசிகர்கள் விடவில்லை. லோகோமோட்டிவ் என்ற பழைய பெயரில் புதுக் கிளப் பதிவு செய்து, பதினோராம் படியில், பக்கத்துக் கிராமத்து அணிகளோடு ஆடத் தொடங்கினார்கள். அந்தக் கடைசிப் படி மேட்ச் ஒன்றுக்கு லைப்சிக் பெரிய மைதானத்தில் 12,000 பேருக்கு மேல் வந்தார்கள்! அங்கிருந்து ஏறி நான்காம் படிக்கு வந்தவர்களைத்தான் 2020லும் 2025லும் அந்த இரண்டு இரண்டு மேட்ச்சுகள் நிறுத்தின.

2025ல் வடகிழக்குக் கிளப்புகள் பிரமோஷன் சீர்திருத்தம் கேட்டு ஒன்றாகக் கிளம்பின. மற்ற வட்டாரங்களிலிருந்தும் கிளப்புகள் சேர்ந்துகொண்டன. கோரிக்கை ஒரே வரி: சாம்பியன் என்றால் மேலே போகணும். நான்கு லீக், நான்கு இடம் என்பதுதான் நேரான வழி என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு எந்த வட்டாரமாவது தன் எல்லையை விட்டுக்கொடுக்கணும். கிரைஃப்ஸ்வால்டிலிருந்து ஸ்விக்காவ் போவதற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம். லீக்கை இன்னும் பெரிசாக்கினால் பகலில் வேலைக்குப் போகிற ஆட்டக்காரன் கதி என்ன என்று எதிர்த்தரப்பு கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

2020-21 சீசனில் தொடங்கிய சுழற்சிப்படி, 2024க்கு அடுத்து வடகிழக்குக்கு நேரடி இடம் வருவது 2026-27 சீசனில்.